இன்னும் நாலு ஜி.பி.

ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் திரும்பமாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று வந்து எவர்சில்வர் கிண்ணத்தில் படுத்திருக்க, இடது மூலையில் இருக்கிற இந்தப் பாவி மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. சபாநாயகம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார், உள்ளங்கை ஈரத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டார், மறுபடி எடுத்தார். அழுத்தித் திருப்பினால் நழுவுகிறது, மெல்லத் திருப்பினால் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் இப்படி நழுவினால் அதன் தலையில் இருக்கிற கூட்டல் குறி தேய்ந்து மொட்டையாகிவிடும், அப்புறம் பிரம்மாவே இறங்கி வந்தாலும் கழற்ற முடியாது, இந்தப் பழைய லேப்டாப்பின் அடிமூடியைத் திறக்க முடியாது, வாங்கி வைத்திருக்கிற மெமரியைப் போட முடியாது, நாலு மணிக்கு அந்தக் கம்பெனிப் பெண் கூப்பிட்டு ரெடியா சார் என்று கேட்கும்போது இது வழக்கம்போல வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும், வேலை கிடைக்காது, திங்கட்கிழமை காலையில் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி மச்சானுடைய டைல்ஸ் கடைக் கல்லாவில் போய் உட்கார வேண்டியதுதான். நினைப்பு அந்தக் கல்லாவில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது பேஸ்ட்டைப் பார்த்தால் வெள்ளை, வெள்ளை என்றால் டைல்ஸ், டைல்ஸ் என்றால் மச்சான். குரோம்பேட்டையில் இரண்டாம் மாடி வீடு, மத்தியான வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து பாதி ஹாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இருந்தும் மனுஷன் ஃபேனை நிறுத்தி வைத்திருக்கிறார், ஸ்க்ரூ பறந்துபோய்விடுமாம். ஸ்க்ரூ எங்கேயாவது பறக்குமா? பயப்படுகிறவனிடம் போய் அதைக் கேட்டு என்ன பிரயோஜனம். ஃபேனை நிறுத்தியதால் வியர்க்கிறது, வியர்த்தால் நெற்றியிலிருந்து சொட்டும், சொட்டினால் உள்ளே போர்டில் விழும், விழுந்தால் மொத்தமும் போச்சு. கொடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தலையில் கட்டிக்கொண்டார்.

ஸ்க்ரூ முடுக்கத் தெரியாத ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரிஃபைனரிக்கும் உரக் கம்பெனிக்கும் பைப் லைன் வரைந்தே காலத்தை ஓட்டியவர். குழாய் எங்கே கிளம்பி, எங்கே திரும்பி, எந்த வால்வில் நின்று, எந்த டாங்கில் போய் விழவேண்டும் என்று படம் போடுகிற வேலை. சைட்டுக்குப் போனால் இரண்டு குழாய் சேருகிற இடத்தில் சுற்றிலும் போல்ட் இருக்கும். அதை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று என்று வரிசையாகக் கழற்றக்கூடாது, இதைக் கொஞ்சம் தளர்த்தினால் அடுத்தது நேர் எதிரே இருப்பது, அப்புறம் குறுக்கே இருப்பது, அப்புறம் அதற்கு எதிரே. இல்லாவிட்டால் ஒரு பக்கம் இறுகி மொத்தமும் கோணிக்கொள்ளும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இந்த லேப்டாப்பையும் அப்படித்தான் எதிரும் புதிருமாகக் கழற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் டிபன் பாக்ஸின் கிளிப்பைக்கூட அப்படித்தான் திறப்பார், சுகந்தி சிரிப்பாள், தயிர் சாதத்துக்கு என்னங்க அவ்வளவு பிரஷர் என்பாள். இப்போது சிரிப்பதில்லை. கேட்பதும் இல்லை. வேலை போன புதிதில், ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கிற கவுன்டரில் நாள் பூரா நின்றுவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், ஏதாவது மெயில் வந்துச்சாங்க என்பாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். அப்புறம் காப்பி குடித்துவிட்டு. ஒருநாள் கேட்கவே இல்லை. அவளுக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவராகவே, இன்னைக்கும் ஒண்ணும் வரல என்றார். தெரியும்ங்க என்றாள், அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஏதாவது பதில் பேசியிருக்கலாம். அதற்குப் பிறகுதான் அவளுடைய அண்ணன் போன் பண்ணியது. "மாப்ள, வேலைன்னு நெனச்சு வராதீங்க, இது நம்ம கடை. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா வந்து கல்லால உக்காருங்க, போதும்." நல்ல மனுஷன், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். சும்மா வந்து. சும்மா. அந்த ஒரு வார்த்தை முள் மாதிரி எங்கேயோ குத்திக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

குனிந்து உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஸ்க்ரூவின் மேல் துருப் பிடிக்கவில்லை, சந்தனம் பிடித்திருக்கிறது. காய்ந்து, இறுகி, சிமென்ட் பூசினாற்போல அந்தக் குழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அடக் கடவுளே என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த வேலையைச் செய்தது வேறு யாருமில்லை, சாட்சாத் அவரேதான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு லேப்டாப்பையும் புத்தக அடுக்கின் மேல் வைப்பது வழக்கம், கத்தரிக்கோல், அரிவாள்மனை, சுகந்தியின் தையல் மெஷின், வாசலில் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் கூட இதற்கும் ஒரு சின்னப் பொட்டு, அவ்வளவோடு சரி. போன தடவைதான், வேலை போய் ஒரு வாரம்கூட ஆகாத நேரம், பொட்டோடு நிற்க மனசு வரவில்லை. ஊரில் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஆயுதம் இருக்கிறது, தனக்கு இது ஒன்றுதானே என்று தோன்றியது. கல்லில் சந்தனத்தை அவரே உரைத்தார், கெட்டியாக, வழியாமல். மூடியின் மேல் வைத்தது போதாதென்று தலைகீழாகத் திருப்பி, குத்துவிளக்குக்கு வைப்பதுபோல நாலு மூலையிலும் அப்பி, மேலே குங்குமத்தை அழுத்தி, பூவைப் போட்டு, தீர்த்தமும் தெளித்தார். "போதுங்க, மெஷினுக்குள்ள போயிடப்போவுது," என்று சுகந்தி கையைப் பிடித்தாள். "சாமி காரியத்துல குறுக்க பேசாத," என்று அவர்தான் அதட்டினார். மூன்று மூலைச் சந்தனம் உதிர்ந்துபோயிருக்கிறது. நாலாவது மூலையில் மட்டும் சாமி இன்னும் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்குப் பார்த்தா? நான் உன்னை என்ன கேட்டேன், வேலையைக் கொடு என்று கேட்டேன், ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள் என்றா கேட்டேன்? சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. பீரோக் கதவில் சுகந்தி குத்தி வைத்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்து வந்து சுரண்ட ஆரம்பித்தார்.

சுரண்டுவது கையின் வேலை, தலைக்கு அங்கே வேலை இல்லை. வேலையில்லாத தலை நேராகப் போன வாரத்துக்குப் போய் நின்றது. அதே கம்பெனி, அதே பெண், ஆன்லைனில்தான் இன்டர்வியூ. திரையில் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் மூன்று முகம், அதில் ஒரு பையனுக்குக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிற தன் மகள் இளவேனில் வயசுதான் இருக்கும். படம் போட்டுக் காட்டச் சொன்னார்கள், அவர் போடப் போட அவர்கள் அங்கிருந்து பார்ப்பார்கள். ஒன்றும் பெரிய படமில்லை, டாங்கிலிருந்து பம்ப்புக்குப் போகிற ஒரு குழாய், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். டாங்க், வால்வு, ஃபில்டர், பிறகு பம்ப்பின் வாய்க்குத் தக்கபடி குழாயைச் சிறிதாக்குகிற ரெடியூசர். அதில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறு பக்கம் சரிந்திருக்கும். தட்டைப் பக்கம் மேலே வரவேண்டுமா, கீழே வரவேண்டுமா? மேலே. மேலேதான். இல்லாவிட்டால் காற்று தங்கிவிடும், பம்ப் வீணாய்ப்போகும். இதைப் புதுசாக வந்த எத்தனை பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு, அந்த மூன்று முகமும் பார்த்துக்கொண்டிருக்க, மேலேயா கீழேயா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஒன்றுமே தெரியவில்லை. தெரியவில்லை என்றால் சந்தேகம் இல்லை, அங்கே ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து லேப்டாப் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. "சார், உங்க ஸ்க்ரீன் ஃப்ரீஸ் ஆயிடுச்சு," என்றாள் அந்தப் பெண். நல்ல பெண், கரிசனமாகத்தான் பேசினாள். "பழைய சிஸ்டமா சார்? மெமரி எட்டு ஜி.பி.யாவது வேணும். ஏற்பாடு பண்ணிக்குங்க, அடுத்த வாரம் இன்னொரு சான்ஸ் தர்றோம். இதுதான் கடைசி சார், அதுக்கு மேல என் கைல இல்ல." அன்றைக்குச் சாயந்திரம் சுகந்தி வந்ததும் இந்தச் சனியன் மானத்தை வாங்கிடுச்சு என்று லேப்டாப்பைத் திட்டு திட்டென்று திட்டித் தீர்த்தார். அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அதுதான். "நாளைக்கே ரிச்சி ஸ்ட்ரீட் போயி வாங்கிட்டு வாங்க, அந்த எழவு மெமரிய," என்றாள், முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு. ஆனால் லேப்டாப் முதலில் நின்றதா, தான் முதலில் நின்றோமா? வட்டம் சுற்ற ஆரம்பித்தது அதற்கு முன்னாலா, பின்னாலா? யோசித்து யோசித்து அந்த இடமே தேய்ந்துபோய்விட்டது. ஊக்கு நழுவி விரலில் ஏறியது, சுருக்கென்றது, விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, அந்த நேரத்திலும் வாசனை வந்ததுதான் வேடிக்கை. ஸ்க்ரூ டிரைவர் இந்தத் தடவை நன்றாக உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார், கிர்ரென்று ஒரு சத்தம், அவருக்கு ஒரு நிமிஷம் உலகமே திரும்பினாற்போல இருந்தது. பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு நெம்பினார், டிக்கென்று ஒவ்வொரு சத்தம் வரும்போதும் ஏதோ உடைந்துவிட்டது என்று நிறுத்திப் பார்த்தார், ஒன்றும் உடையவில்லை, மூடி கையோடு வந்துவிட்டது. உள்ளே தூசி. தூசியோடு சிவப்பாக வேறு ஏதோ. குங்குமம்! காற்று போகிற துவாரம் வழியாக உள்ளே இறங்கி, பழைய நாலு ஜி.பி. மெமரிக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற இடம் முழுக்கத் தூவி விட்டிருக்கிறது. ஊதலாம் என்று வாயைக் குவித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார், எச்சில் தெறிக்கும். இளவேனில் எட்டாவது படிக்கும்போது வாங்கிய பெயின்ட் பிரஷ் மேஜை இழுப்பறையில் கிடந்தது, அதை எடுத்து வந்து கோழியிறகால் காது குடைகிற பக்குவத்தில் துடைத்தார். பேட்டரியைக் கழற்றியாகிவிட்டதா, ஆகிவிட்டது. சார்ஜர், பிடுங்கியாகிவிட்டது. உடம்பில் கரன்ட் தங்கியிருந்தால் மெமரி செத்துப்போகும் என்று கடைக்காரன் பயமுறுத்தியிருந்தான், அதனால் இரும்பு பீரோவை ஒரு தரம் தொட்டார், நடந்து வந்தார், வருகிற வழியில் கரன்ட் மறுபடி ஏறியிருக்குமோ என்று திரும்பிப் போய் இன்னொரு தரம் தொட்டார். கவரைப் பிரித்தார். விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு பட்டை, ஓரத்தில் பொன் நிறத்தில் பல் வரிசை. இவ்வளவுதானா? இத்தனூண்டு சமாசாரமா ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப்போகிறது? ஓரத்தை மட்டும் பிடித்து, சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்தினார். வலது பக்கக் கொக்கி டக்கென்று பிடித்தது. இடது பக்கம் சத்தம் வரவில்லை. வந்ததோ? மாடியில் யாரோ வாளியை நகர்த்தினார்கள், அதில் கேட்காமல் போயிருக்கலாம். இன்னும் அழுத்தலாம், அழுத்தினால் உடையும். அழுத்தாமல் விட்டால் பிடித்திருக்காது. ஒரு விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது.

மூடாமலேயே ஒரு தரம் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று பேட்டரியை மாட்டி, சார்ஜரைச் செருகி, பட்டனை அழுத்தினார். விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு. பொறு, பொறு, புது மெமரி, கொஞ்சம் நேரம் எடுக்கும். திரை கறுப்பு. பிறகு பீப் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. விட்டு விட்டு, ஆஸ்பத்திரியில் ஆளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்களே அந்தப் பெட்டி கத்துவதுபோல. அவ்வளவுதான். முடிந்தது. புதுசையும் கெடுத்து, இருந்ததையும் கெடுத்தாயிற்று. விழுப்புரம் கடை அப்படியே கண்ணுக்கு நேராக வந்து நின்றது, நேரு வீதியில், வாசலில் டெம்போ, உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் பாத்ரூம் டைல்ஸ், மறு பக்கம் பூஜை ரூமுக்குப் பிள்ளையார் போட்ட டைல்ஸ், நடுவில் கல்லா, நாற்காலியில் ஒரு குஷன். சொந்தக்காரர்கள் யாராவது வீடு கட்டாமலா இருப்பார்கள்? வருவார்கள். அட, மாப்ள, நீங்க மெட்ராஸ்ல பெரிய கம்பெனியில்ல, இங்க எங்க என்பார்கள். அவர் எழுந்து நின்று, சும்மாதான் என்பார். மச்சான் உள்ளேயிருந்து, நாந்தான் வரச் சொன்னேன், வீட்ல சும்மாதான இருக்காரு என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்கும் இவர் கூடச் சேர்ந்து சிரிக்கவேண்டும். பீப். பீப். நிறுத்தக்கூடத் தோன்றாமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே எங்கேயோ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், ஒரு இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. சரி, விடு. இனிமேல் நாலு மணி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. லேப்டாப் போய்விட்டது, நான் என்ன செய்யட்டும்? மூச்சு நிதானமாக வந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் அது என்னவென்று அவருக்குப் புரிந்தது. அது நிம்மதி. இப்படியொரு நேரத்தில் தனக்கு நிம்மதி வருகிறதே என்று நினைத்ததும், பீப் சத்தத்துக்குக்கூட நடுங்காத உடம்பு நடுங்க ஆரம்பித்தது.

ஆனால் கை சும்மா இருக்குமா. இத்தனை வருஷம் வேலை பார்த்த கை, எஜமானைக் கேட்காமலே காரியத்தில் இறங்கிவிட்டது. பட்டனை அழுத்தி நிறுத்தியது, பேட்டரியைக் கழற்றியது, மெமரியைப் பிடுங்கியது. பொன் நிறப் பல்லில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது, பிரஷ்ஷுக்குத் தப்பிய குங்குமம். பென்சில் ரப்பரை எடுத்து இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்தது, துணியால் துடைத்தது, இடுக்கை இன்னொரு தரம் பெருக்கியது, சாய்த்துச் செருகி அழுத்தியது. டக். டக். இரண்டும் காதில் விழுந்தது. வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே ஒருத்தர் சொல்லிக்கொண்டிருக்க, விரல் பட்டனை அழுத்திவிட்டது. திரை வெளுத்தது. எட்டு ஜி.பி. என்று காட்டியது. தரிசனம் கிடைத்ததுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரும் புதிருமாக எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கி, லுங்கிக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தார். படம் போடுகிற சாஃப்ட்வேரை அழுத்தினார். அது திறப்பதற்குள் முன்பெல்லாம் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். இப்போது அழுத்திய கையை எடுப்பதற்குள் எதிரே வந்து நின்றது, என்ன வேணும் சொல் என்று. சரி, ஒத்திகை பார்த்துக்கொள்வோம். ஒரு டாங்க், ஒரு பம்ப், நடுவில் ஒரு குழாய். மவுஸைப் பிடித்தார். கறுப்புப் பலகை, நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு கோடு, அது அவருடைய கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எங்கே ஆரம்பிப்பது? டாங்கிலிருந்து. டாங்க் எங்கே? தட்டைப் பக்கம் மேலே, அது தெரியும், மேலே, மேலே என்று உதடு சொல்லிக்கொண்டே இருக்கிறது, மற்றதெல்லாம் எங்கே போயிற்று? மெஷின் கொஞ்சம் சுற்றினால் தேவலை. கொஞ்சம் நின்றால் தேவலை. சுற்றவில்லை, நிற்கவில்லை, இழுத்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது, ஒரு குறை சொல்ல முடியவில்லை. இப்போது யாரைத் திட்டுவது? இந்த வீட்டில் மீதி இருக்கிற பழைய சாமான் யார் என்று யோசித்தபோது போன் அடித்தது. சுகந்தி.

"சரியாயிடுச்சாங்க?"

அவளுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. டீ குடிக்கிற நேரத்தில் வெளியே வந்து பேசுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். எதிரே திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஆயிடுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் முகம் எப்படி மாறும் என்று இங்கிருந்தே பார்க்க முடிந்தது.

"இல்லம்மா," என்றார். "எவ்வளவோ பண்ணிப் பாத்துட்டேன். திரையே வரல. பீப் பீப்னு கத்துது."

சொல்லும்போதே காது சுட்டது. சரி, அழப்போகிறாள், அல்லது தெரியும்ங்க என்று சொல்லப்போகிறாள், அதற்கு அப்புறம் அண்ணனுக்குப் போன், அதற்கு அப்புறம் திங்கட்கிழமை, எல்லாம் முடிந்துவிடும், முடிந்தால் போதும்.

"நெனச்சேன்," என்றாள் சுகந்தி. "காலைலேர்ந்து மனசே சரியில்லீங்க. அதான் எங்க மேனேஜர் ரூமுக்கே போயி நின்னுட்டேன். அவரோட லேப்டாப்ப ஒரு சாயங்காலத்துக்குக் குடுங்க சார்னு கேட்டேன். புது லேப்டாப்புங்க. முதல்ல முடியாதுன்னாரு, விடலியே நானு. பர்மிஷனும் போட்டாச்சு. ஆட்டோல வந்துட்டே இருக்கேன், பல்லாவரம் தாண்டிட்டேன். பதட்டப்படாதீங்க."

"அதுல அந்த சாஃப்ட்வேர் இருக்காதும்மா."

"அவங்கதான் லிங்க் அனுப்பியிருந்தாங்களே, ஏத்திக்கலாம். நேரம் இருக்கு. நீங்க மொகத்தக் கழுவிட்டு ரெண்டு வாய் சாப்பிட்டு உக்காருங்க. வந்துட்டேன்."

போன் நின்றுவிட்டது. சபாநாயகம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சுகந்தி யாரிடமும் எதுவும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கக்கூடக் கூச்சப்படுவாள். அவள் போய் அந்த மனுஷன் அறை வாசலில், சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு இன்டர்வியூ சார் என்று நின்றிருக்கிறாள். முடியாது என்ற பிறகும் நின்றிருக்கிறாள். அவள் வரும்போது இந்தத் திரை எரிந்துகொண்டிருந்தால் என்ன சொல்வது? அணைத்துவிடலாம். அணைத்தால் போதுமா, அவள் ஒரு தரம் பட்டனை அழுத்திப் பார்ப்பாளே. மெமரியைப் பிடுங்கி அரைகுறையாகச் செருகிவிட்டால் மறுபடி பீப் என்று கத்தும், பொய் நிஜமாகிவிடும். லேப்டாப்பை அணைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தது, இடது மூலை ஸ்க்ரூவில் போய் உட்கார்ந்தும்விட்டது. சே, என்ன மனுஷன் நீ. சரி, செருகிவிடுகிறாய், அவள் அந்தப் புது லேப்டாப்பைக் கொண்டுவந்து எதிரே வைத்து மூடியைத் திறப்பாள், அது இதைவிட வேகமாக வந்து நிற்கும், அப்போது எதைக் கழற்றுவாய்? கையைக் கழற்றிக்கொள்வாயா? அவள் பக்கத்திலேயே நிற்பாள், கடன் வாங்கிய மெஷினில் கணவன் போடப்போகிற படத்தைப் பார்க்க. ஓடிப்போய்விடலாமா? லுங்கியோடு எங்கே ஓடுவது? இந்த உலகத்தில் அவரை நம்புகிற ஒரே ஆள் ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறாள், எத்தனை சிக்னல் விழுந்தாலும் வந்துவிடுவாள். கவிழ்த்ததை நிமிர்த்தினார். பட்டனை அழுத்தினார். எட்டு ஜி.பி. வந்தது, கறுப்புப் பலகை வந்தது, கூட்டல் குறி வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது, லிஃப்ட் வேலை செய்யவில்லை போலிருக்கிறது, ஓடி வருகிறாள்.

கதவைத் திறந்தார். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, மேல் உதடு முழுக்க வியர்வையோடு நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக மேஜையைப் பார்த்தாள்.

"ஓடுதே," என்றாள்.

"ஓடுது." அவர் நகர்ந்து வழிவிட்டார். "அப்பவே ஓடிச்சு. நீ போன் பண்ணும்போதே ஓடிட்டுதான் இருந்துது."

"அப்புறம் ஏங்க இல்லன்னு சொன்னீங்க? அந்த ஆளுகிட்ட நான் எப்டி கெஞ்சுனேன் தெரியுமா? கவுன்டர்ல எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க."

தரையில் சந்தனப் பொடியும் தூசியும் அப்படியே கிடந்தன, பெருக்கக்கூட இல்லை என்று அந்த நேரத்தில் போய்த் தோன்றியது. பொய் சொல்ல இன்னும் இரண்டொன்று கைவசம் இருந்தது, சூடு ஏறியதும் நின்றுவிடுகிறது என்று சொல்லலாம், கீபோர்டு சரியில்லை என்று சொல்லலாம். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "மெஷின் நல்லாத்தான் ஓடுது சுகந்தி," என்றார். "எனக்குத்தான் பயமா இருக்கு. முன்னால உக்காந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. போன வாரமும் அப்படித்தான்னு நெனக்கிறேன். இது நின்னுச்சா நான் நின்னேனானு எனக்கே தெரியல." சொல்லி முடித்ததும் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை, அழுதாலும் தேவலை, பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது, அண்ணன் கடைக்கே போயிடுவோம் என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. பையைச் சோபாவில் வைத்தாள். சுவரில் இருந்த ஃபேன் ஸ்விட்சைப் போட்டாள். காற்று முகத்தில் பட்டபோதுதான் இவ்வளவு நேரம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே பேசியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவளே அதை அவிழ்த்து, அதாலேயே அவர் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துவிட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான், கோபம் இன்னும் தீரவில்லை.

சரியாக நாலு மணிக்கு லேப்டாப் அடித்தது. கம்பெனிப் பெண்ணின் பெயர் திரையில் துள்ளியது. சுகந்தி சட்டென்று குனிந்து மேஜைக்குக் கீழே, கேமராவில் தெரியாத இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பச்சைப் பட்டனை அழுத்தினார். மூன்று கட்டம், மூன்று முகம். "குட் ஆஃப்டர்நூன் சார். சிஸ்டம் எல்லாம் சரியாயிடுச்சா? ரெடியா சார்?" என்றாள் அந்தப் பெண். சரியாகிவிட்டது மேடம், ரெடி என்றார் சபாநாயகம். குரல் நன்றாகத்தான் வந்தது. மேஜைக்குக் கீழே அவருடைய முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. சுகந்தி இரண்டு கையாலும் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.